கல்யாணம் பண்ணிக்காத ஸ்காட்டிஷ் அத்தையோட கதையத் தேடுறது எப்படி

எங்க மாமனாருக்குச் சொந்த ஊரு ஸ்காட்லாந்துல டண்டீ பக்கம். அவர் வீட்டு அலமாரில ஒரு பழைய ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா இருக்கு, மூடியெல்லாம் துருப்பிடிச்சு, அதுக்குள்ள அவரோட அத்தை சாமான் நாலஞ்சு கெடக்கு. ஸ்கூல்ல பரிசாக் குடுத்த ஒரு புஸ்தகம், பின்னாடி ஒண்ணுமே எழுதாத மூணு போட்டோ, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, நாலா மடிச்ச ஏதோ ரசீது. "ஆன்ட்டி கல்யாணமே பண்ணிக்கல, டீச்சரா இருந்தாங்க, கட்டிக்க இருந்தவர் சண்டைல செத்துட்டாராம்", குடும்பத்துக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நான் மதுரைல இருந்து அந்த வீட்டுக்கு மருமகளாப் போனவ, இந்த வம்சாவளி தேடுற வேலையெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ஒரு குளிர்காலம் பூரா வெளிய போக முடியாம உக்காந்திருந்தப்ப ஆரம்பிச்சேன். இப்ப ரெண்டு மூணு பேரு எப்படித் தேடுனீங்கன்னு கேக்கறதால, புதுசா எறங்குறவங்களுக்கு ஆகுற மாதிரி எழுதுறேன்.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடுறேன். புள்ளகுட்டி இருக்கறவங்களத் தேடறப்போ பேரன்ல இருந்து தாத்தா, தாத்தால இருந்து பாட்டன்னு நேரா மேல போயிடலாம். இவங்களுக்குக் கீழ கோடே கிடையாது, அதனால ஃபேமிலி ட்ரீ போடுற எல்லாரும் பேர மட்டும் எழுதிட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. இவங்க காகிதம் எல்லாம் கூடப்பொறந்தவங்க வழியாத்தான் போயிருக்கும். அதனால மேலயும் கீழயும் தேடாம பக்கத்துல தேடணும்: அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, அவங்க புள்ளைங்க. நம்ம ஊர்ல ஒத்தையா இருந்து போனவங்களப் பத்திப் பேசுறப்ப "கொள்ளி யாரு போட்டா?"னு கேப்போம்ல, முழுத் தேடலுக்கும் அந்தக் கேள்விதான் அடிப்படை.

எந்த ஆன்ட்டின்னு கண்டுபிடிங்க

இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே ஆன்ட்டிதான். அப்பா கூடப் பொறந்தவங்களா, அம்மா கூடப் பொறந்தவங்களா, மாமா சம்சாரமா, தாத்தாவோட தங்கச்சியா, ஒண்ணும் வெளங்காது. நமக்கு அத்தை, சித்தி, பெரியம்மா, அத்தைப்பாட்டினு தனித்தனியாப் பேரு இருக்கறதால அந்தக் கேள்வி தானா வந்துடும், அவங்களுக்கு வராது. இதுல பக்கத்து வீட்டம்மாவையும் அம்மாவோட ஃபிரெண்டையும்கூட ஆன்ட்டினுதான் கூப்பிடுவாங்க. ஸோ வீட்ல வயசானவங்க யாரு இருந்தாலும் ஒரு டீயப் போட்டுக் குடுத்துட்டு கேளுங்க. எப்ப பொறந்தாங்க எப்ப செத்தாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. நியூ இயருக்கு அவங்க யார் வீட்டுக்குப் போவாங்க, கடைசி காலத்துல யாரு பாத்துக்கிட்டா, எந்தச் சர்ச்சுக்குப் போவாங்க, யார் கூடப் பேச மாட்டாங்க, இப்படிக் கேளுங்க. எங்க மாமனார் கடைசிக் கேள்விக்கு மட்டும் டக்குனு பதில் சொன்னார், அத்தைக்கும் அவங்கப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

மொதல் காசு டெத் சர்டிபிகேட்டுக்கு

எல்லாரும் பொறந்த ரெக்கார்டுல ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான் செஞ்சேன், அதுதான் தப்பு. ஸ்காட்லாந்துல அரசாங்கப் பதிவு 1855 ஜனவரி 1ல ஆரம்பிச்சது. எல்லாமே ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள்ங்கற சைட்ல இருக்கு, நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாண்ட் நடத்துறது, கவர்மெண்ட் சைட்தான். அக்கவுண்ட் போட்டுட்டா இன்டெக்ஸ்ல தேடுறது ஃப்ரீ, ரெக்கார்டோட படத்தத் தொறக்கத்தான் கிரெடிட் போகும், சாதாரணமா ஒரு சர்டிபிகேட்டுக்கு 6 கிரெடிட், அதாவது ஒன்றரை பவுண்ட். கம்மிதானேன்னு தோணும். ஒரே பேர்ல ஒரே மாவட்டத்துல ஏழு பேர் பொறந்திருக்காங்க, நான் ஏழையும் தொறந்து பாத்துட்டு அப்புறம்தான் நம்ம ஆளு பக்கத்து மாவட்டம்னு கண்டுபிடிச்சேன், பத்தரை பவுண்ட் தண்டம்.

டெத் சர்டிபிகேட்ல மொதல்ல போயிருந்தா இது நடந்திருக்காது, ஏன்னா ஸ்காட்லாந்து டெத் சர்டிபிகேட்ல அப்பா பேரு, அப்பாவோட வேலை, அம்மா பேரு, அம்மாவோட பொறந்த வீட்டுக் குடும்பப் பேரு, எல்லாமே இருக்கும். இங்கிலாந்துல அந்தக் காலத்துச் சர்டிபிகேட்ல அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரெல்லாம் கிடையாது, இந்த விஷயத்துல ஸ்காட்லாந்துக்காரங்களத் தேடுறவங்க குடுத்து வச்சவங்க. பேருக்குக் கீழ வேலையும் "சிங்கிள்"ங்கற வார்த்தையும் இருக்கும், அதப் பாத்தாலே பாதி சந்தேகம் தீந்துடும்.

ஆனா நீங்க நிதானமாப் பாக்க வேண்டிய கட்டம் அது இல்ல, கையெழுத்துக் கட்டம். சாவப் போய்ப் பதிஞ்சது யாரு, அவங்க இவங்களுக்கு என்ன முறை, எங்க இருந்தாங்கன்னு அதுல இருக்கும். எங்க அத்தையோடது 1962. கையெழுத்துக்குக் கீழ "நெஃப்யூ"னு போட்டு ஆர்ப்ரோத்ல ஒரு தெரு அட்ரஸ். மாமனார்கிட்ட காட்டுனா "இது யாருன்னே தெரியலயே"ங்கறார். நெஃப்யூன்னா அண்ணன் மகனா அக்கா மகனான்னு அதுலயும் தெரியாது, நம்ம முறைல ஒண்ணு மருமகன் இன்னொண்ணு மகன், அவங்களுக்கு ரெண்டும் நெஃப்யூ. குடும்பப் பேரு வேற இருந்ததால அக்கா மகன்னு புரிஞ்சுது, அப்பாவோட பேசாத அத்தை அக்கா வீட்டுப் பக்கம் ஒட்டிக்கிட்டிருக்காங்க. அந்த ஒரு கையெழுத்துல இருந்துதான் எங்களுக்கு மீதிக் கதை எல்லாம் வந்தது.

ஒரு எச்சரிக்கை, பதிஞ்சவருக்குத் தெரிஞ்சதுதான் அதுல இருக்கும். அத்தையோட அம்மா பேரு அக்கா மகனுக்குச் சொந்தப் பாட்டி பேரு, அதனால நம்பலாம். ஹாஸ்பிட்டல்காரங்களோ வீட்டு ஓனரோ பதிஞ்சிருந்தா வயசு, அம்மா பேரு ரெண்டையும் சந்தேகத்தோடதான் எடுத்துக்கணும்.

எல்லாமே ஆன்லைன்ல தொறக்காது. பொறப்புக்கு 100 வருஷம், கல்யாணத்துக்கு 75, சாவுக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும். அதுக்கு அப்புறம் உள்ளதுக்கு அஃபிஷியல் காப்பிக்கு எழுதிப் போடணும், இல்லேன்னா எடின்பரோல பிரின்சஸ் ஸ்ட்ரீட் முனைல ஜெனரல் ரிஜிஸ்டர் ஹவுஸ்னு ஒரு கட்டடம் இருக்கு, அங்க ஒரு நாளைக்குன்னு கட்டணம் கட்டிட்டு உக்காந்தா இந்த வருஷக் கணக்கு எல்லாம் இல்லாம ஸ்கிரீன்ல பாக்கலாம். கிளாஸ்கோ மிட்செல் லைப்ரரிலயும் இந்த வசதி உண்டு. ஒரே நாள்ல முப்பது நாப்பது ரெக்கார்ட் பாக்கணும்னா கிரெடிட் வாங்குறதவிட அங்க போறது லாபம்.

பேர்க் குழப்பம்

இதுல நிறைய பேரு மாட்டிக்கிறாங்க. வீட்ல ஜெஸ்ஸினு கூப்பிட்டவங்க ரெக்கார்டுல ஜேனட்டா இருப்பாங்க. எல்ஸ்பெத், பெட்டி, லிஸ்ஸி, பெஸ்ஸி எல்லாம் எலிசபெத். எஃபின்னா யூஃபீமியா, பெகின்னா மார்கரெட், மீனான்னு வந்தா நம்ம மீனாட்சி இல்ல, வில்லியமீனா! மேக் வர்ற குடும்பப் பேரெல்லாம் மூணு நாலு ஸ்பெல்லிங்ல இருக்கும், தேடுற பெட்டில நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்க.

பேரு வைக்கிறதுல அவங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: மொத பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, மொத பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. நம்ம ஊர்ல தாத்தா பேர வச்சதாலதானே "பேரன்"னே சொல்றோம், அதே கதை. சட்டமெல்லாம் இல்ல, நிறைய வீட்ல மாத்தியிருப்பாங்க, ஆனா உங்க அத்தை மூத்த பொண்ணா இருந்து அவங்க பேரு கொஞ்சம் வித்தியாசமா இருந்தா அம்மாவழிப் பாட்டி பேர அதுலயே யூகிக்கலாம். நடுப்பேரு குடும்பப் பேர் மாதிரி இருந்தா பாட்டியோட பொறந்த வீட்டுப் பேராவே இருக்க வாய்ப்பு உண்டு.

இப்ப பொறப்பு சர்டிபிகேட்டத் தொறங்க. அப்பா அம்மாவுக்கு எந்தத் தேதில எந்த ஊர்ல கல்யாணம் ஆச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும், 1856ல இருந்து 1860 வரைக்கும் மட்டும் அந்தக் கட்டம் இருக்காது. பொறந்த மணி நிமிஷம்கூட போட்டிருப்பாங்க, வேணும்னா ஜாதகமே எழுதிடலாம். கல்யாணத் தேதிய வச்சுக்கிட்டு அதுல இருந்து இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு அதே ஊர், அதே குடும்பப் பேர்ல பொறந்த புள்ளைங்கள இன்டெக்ஸ்ல பட்டியல் போடுங்க. கூடப்பொறந்தவங்க கிடைச்சிடுவாங்க. 1855க்கு முன்னாடி பொறந்தவங்கன்னா சர்ச்சோட பழைய பதிவேடுதான், அதுல ஓட்டை நிறைய, ஞானஸ்நானம் பதியாமலே விட்ட வீடும் உண்டு.

சென்சஸ்ல எந்த வீட்ல இருக்காங்க

1841ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒண்ணு, 1921 வரைக்கும் பாக்கலாம். 1921 ஸ்காட்லாந்து சென்சஸ் 2022 கடைசிலதான் வெளிய வந்தது, ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள்ல மட்டும்தான் இருக்கு, வேற பெரிய சைட்டுக்கு சந்தா கட்டிட்டு அங்க தேடிக்கிட்டிருக்காதீங்க. இங்கிலாந்தோட 1931 சென்சஸ் தீல எரிஞ்சு போச்சு, ஸ்காட்லாந்தோடது தப்பிச்சிருச்சு, நூறு வருஷம் ஆகட்டும்னு காத்திருக்கணும். 1841ல குடும்பத்தலைவருக்கு என்ன முறைன்னு போட மாட்டாங்க, பதினஞ்சுக்கு மேல வயச அஞ்சு அஞ்சாக் கொறச்சு எழுதியிருப்பாங்க, இருபத்தொம்பதுன்னா இருபத்தஞ்சு. வயசு ஒத்து வரலன்னு அந்த வருஷத்துல ஆளத் தள்ளி விட்டுடாதீங்க.

கல்யாணமாகாதவங்க சொந்த வீட்ல மட்டும் இருக்க மாட்டாங்க. கல்யாணமாகாத அண்ணனோட பண்ணைல "ஹவுஸ்கீப்பர்", அக்கா வீட்ல "சிஸ்டர் இன் லா", ஏதோ ஒரு வீட்ல "போர்டர்" (காசு குடுத்துத் தங்கிச் சாப்பிடறவங்க), பணக்கார வீட்ல "சர்வன்ட்", இப்படித்தான் கிடைப்பாங்க. வீட்டு வேலை செஞ்சவங்களுக்கு சென்சஸத் தவிர வேற காகிதம் ரொம்பக் கொறவு. வடக்குக் கடற்கரைப் பொண்ணா இருந்தா ஹெர்ரிங் மீன் சுத்தம் பண்ற வேலைக்கு படகு போற ஊருக்கெல்லாம் கூடவே போயிருப்பாங்க, ஷெட்லாண்ட்ல இருந்து இங்கிலாந்துல யார்மவுத் வரைக்கும். வருஷத்துல பாதி நாள் எங்கயோ இருக்கற ஆள எங்கன்னு தேட? டண்டீ சணல் மில்லுல பொம்பளைங்கதான் அதிகம், அங்க கல்யாணமாகாத அக்கா தங்கச்சி ரெண்டு மூணு பேரு சேந்து ஒரு ரூம் எடுத்து இருந்திருப்பாங்க, அப்படி இருந்தா தலைவர்ங்கற கட்டத்துல மூத்தவ பேருதான் இருக்கும்.

கை பழகணும்னா மேரி ஸ்லெஸ்ஸர வச்சுப் பாருங்க. மில்லுல வேலை பாத்து அப்புறம் மிஷனரியா நைஜீரியா பக்கம் காலாபார் போனவங்க, கல்யாணம் பண்ணிக்கல, ஒரு காலத்துல கிளைட்ஸ்டேல் பேங்கோட பத்து பவுண்ட் நோட்டுல அவங்க படம் இருந்தது. பொறந்தது 1848 டிசம்பர், அபர்டீன், அப்ப பொறப்பு அரசாங்கப் பதிவுல இருக்காது, சர்ச் பதிவேட்டுக்குத்தான் போகணும். 1859ல குடும்பம் டண்டீக்கு வந்திருச்சு, அப்ப 1861, 1871 சென்சஸ டண்டீல தேடணும். 1876ல கெளம்பிட்டாங்க, செத்தது 1915ல அங்கயே, ஸோ ஊர்ல சாதாரண டெத் இன்டெக்ஸ்ல கெடக்கலன்னு மண்டைய ஒடச்சுக்க வேண்டாம். உங்க அத்தைக்கும் இப்படி ஒரு தாள்ல வருஷம் போட்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் எந்தப் பதிவு இருக்க முடியும்னு பக்கத்துல எழுதிக்கிட்டா வெட்டியாச் செலவு ஆகாது.

வேலை, சொத்து

டீச்சர்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். கல்யாணம் ஆனா வேலைய விட்டுடணும்னு ஸ்காட்லாந்துல பல ஊர் ஸ்கூல் நிர்வாகம் வச்சிருந்தது, 1945லதான் அது ஒழிஞ்சது. தபால் ஆபீஸ், கவர்மெண்ட் ஆபீஸ்லயும் இதே கதை. அதனால "பாவம், யாரும் கட்டிக்கல"னு யாராவது உச்சு கொட்டுனா எனக்குக் கோவம் வரும், சம்பளமா புருஷனான்னு கேட்டா நான் எத எடுத்திருப்பேனோ தெரியாது. அதோட அந்த நாட்டுல போன நூற்றாண்டு தொடக்கத்துல ஏறக்குறைய அஞ்சு பொம்பளைக்கு ஒருத்தர் கல்யாணம் ஆகாமலேதான் இருந்திருக்காங்க, மொத உலகப்போருக்கு முன்னாடியே அப்படித்தான். உங்க அத்தை ஒண்ணும் அதிசயம் இல்ல.

ஸ்கூல் லாக் புக்குனு ஹெட்மாஸ்டர் எழுதற டைரி இருக்கும், மாவட்ட கவுன்சில் ஆர்க்கைவ்ல கேளுங்க, டீச்சர் சேந்தது, லீவு போட்டது, இருமல்ல படுத்தது எல்லாம் இருக்கும். எங்க அத்தையப் பத்தி அதுல ரெண்டே வரி, ஒண்ணு பனில ரோடு அடைஞ்சு ஸ்கூலுக்கு வர முடியலன்னு, இன்னொண்ணு அம்மா சாவுக்கு ரெண்டு நாள் லீவுன்னு. நர்ஸா இருந்தா 1919 சட்டத்துக்கு அப்புறம் நர்ஸ் ரிஜிஸ்டர் வந்தது, அது எடின்பரோ நேஷனல் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. காலேஜ் படிச்சவங்கன்னா 1892ல இருந்துதான் யுனிவர்சிட்டில பொண்ணுங்களச் சேத்தாங்க, யுனிவர்சிட்டி ஆர்க்கைவுக்கு ஒரு மெயில் போட்டாப் போதும். தனியா வீடு எடுத்து இருந்தவங்கள வேல்யுவேஷன் ரோல்ல பிடிக்கலாம், வீட்டு ஓனர் யாரு, குடியிருக்கறது யாரு, வாடகை எவ்வளவுன்னு போட்ட பட்டியல், 1855ல இருந்து 1940 வரைக்கும் சில வருஷத்தோடது ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள்ல இருக்கு.

உயில மறக்காதீங்க, உங்களுக்குப் பெரிய புதையல் அதுதான். 1881 சட்டம் வர்றதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொம்பளையோட பணம் மாதிரி அசையும் சொத்து பெரும்பாலும் புருஷன் கைக்குப் போயிடும், கல்யாணமாகாதவ சம்பாதிச்சது அவளோடது. அதனால வீட்டுக்கு வந்த மருமகளுக்கு பெரும்பாலும் உயில் இருக்காது, மூலைல உக்காந்திருந்த நாத்தனாருக்கு இருக்கும். புள்ள இல்லாததால யாருக்கு என்னன்னு பேரச் சொல்லித்தான் எழுதணும்: இன்ன அண்ணன் மகளுக்கு வாட்ச், கனடால இருக்கற அக்கா மகனுக்கு பத்து பவுண்ட், கூட வேலை பாத்தவளுக்கு தையல் மெஷின். ஒரே காகிதத்துல முழுக் குடும்பமும், யாரு கல்யாணமாகி என்ன பேருக்கு மாறுனா, யாரு எந்த ஊருக்குப் போனாங்கங்கறதும் கெடச்சிடும். யார் பேரு இல்லங்கறதையும் பாருங்க. 1925 வரைக்கும் உள்ளது ஆன்லைன்ல இருக்கு, அதுக்கப்புறம் உள்ளதுக்கு நேஷனல் ரெக்கார்ட்ஸ்ல கேக்கணும். அங்க புரோபேட்னு (உயில கோர்ட் ஏத்துக்கற நடைமுறை) தேடாதீங்க, ஸ்காட்லாந்துல அதுக்கு "கன்ஃபர்மேஷன்"னு பேரு.

காசில்லாம கஷ்டப்பட்டவங்களா இருந்தா ஏழைகள் நிவாரண மனுவப் பாருங்க, கிளாஸ்கோவோடது மிட்செல் லைப்ரரில 1948 வரைக்கும் இருக்கு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து எங்க பொறந்தே, அப்பா அம்மா யாரு, அண்ணன் தம்பி எங்க, அவன் ஏன் காசு குடுக்கலன்னு கேட்டு எழுதியிருப்பார். படிக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

சண்டைல செத்த மாப்பிள்ளை

இந்தக் கதை பாதி வீட்ல உண்டு. உண்மையாவும் இருக்கலாம், கேள்விய நிறுத்த யாரோ சொன்னதாவும் இருக்கலாம். சிப்பாய்ங்க எழுதி வச்ச உயில் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள்ல இருக்கு, அதுல சிலர் கட்டிக்க இருந்த பொண்ணு பேருக்கு எல்லாத்தையும் எழுதியிருப்பாங்க. பிரச்சனை என்னன்னா அந்தப் பையன் பேரு தெரிஞ்சாத்தான் தேட முடியும். மொத உலகப்போர் சிப்பாய்ங்களோட சர்வீஸ் ஃபைல்ல பாதிக்கு மேல 1940ல லண்டன்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. எங்க விஷயத்துல பேரும் தெரியல, உயிலும் கெடக்கல, அதனால அந்த வரிய "குடும்பத்துல சொல்றது"னு மட்டும் எழுதி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, சொல்லத் தயக்கமா இருந்தாலும் சொல்லணும். அத்தைக்குப் புள்ளையே இல்லன்னு கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க. பாட்டிக்கு நாப்பத்தெட்டு வயசுல ஒரு கடைக்குட்டி, மூத்த மகளுக்கு அப்ப இருபதுன்னா அந்தப் பொறப்பு சர்டிபிகேட்டத் தொறந்து பாருங்க. அப்பா பேர்க் கட்டம் காலியா இருக்கலாம், ஓரத்துல திருத்தப் பதிவுக்கு ஒரு நம்பர் இருந்தா கோர்ட்ல அப்பா யாருன்னு தீர்ப்பு ஆகியிருக்கலாம். பழைய காலம்னா சர்ச் பெரியவங்க கூட்டிவச்சு விசாரிச்ச கிர்க் செஷன் நோட்டு இருக்கும், அது ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள்ல ஃப்ரீயாவே பொரட்டலாம், கையெழுத்துதான் உயிர வாங்கும். இந்த மாதிரி ஏதாவது கெடச்சா வாட்சாப் குரூப்ல போடாதீங்க, மொதல்ல வீட்ல மூத்தவங்ககிட்ட தனியாச் சொல்லுங்க.

சென்சஸ்ல ஆளே காணோம்னா

கப்பல் ஏறியிருப்பாங்க. கனடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவங்க நிறைய, பிரிட்டன்ல இருந்து கெளம்புன கப்பல் பயணிகள் பட்டியல் 1890ல இருந்து 1960 வரைக்கும் இருக்கு. மிஷனரியா போனவங்க காகிதம் எடின்பரோல ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரில. நம்ம பக்கமே வந்தவங்க உண்டு, ராயபுரத்துல ரெய்னி ஆஸ்பத்திரி தெரியும்ல, அத உருவாக்குன டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயில் ஸ்கை தீவுக்காரங்க, 1888ல மெட்ராஸ் வந்தவங்க, கல்யாணம் பண்ணிக்கல. அவங்க அண்ணன் தம்பி பேரப்புள்ளைங்களுக்கு அவங்களும் ஏதோ இந்தியால இருந்த ஆன்ட்டியாத்தான் இருந்திருப்பாங்க. இந்தியால இருந்தவங்களுக்கு ஃபிபிஸ்னு ஒரு சங்கத்தோட டேட்டாபேஸ் ஃப்ரீயாத் தேடலாம்.

கல்லறை

ஸ்காட்லாந்துல கல்லறை இடத்துக்கு "லேர்"னு சொல்வாங்க. ஒரே லேர்ல அப்பா, அம்மா, புள்ளைங்கன்னு நாலஞ்சு பேரு இருப்பாங்க. கல்யாணமாகாத பொண்ண பெரும்பாலும் அப்பா அம்மா கூடவேதான் வைப்பாங்க, கல்லுல கடைசி வரில "அவர்களுடைய மகள்"னு பேரு இருக்கும், செதுக்கக் காசு குடுக்க ஆள் இல்லன்னா பேரே இருக்காது. அந்தந்த ஊர் குடும்ப வரலாற்றுச் சங்கம் கல்லறை எழுத்தையெல்லாம் படிச்சு பட்டியல் போட்டு வச்சிருக்கு, அதுல இல்லன்னாலும் விடாதீங்க, கவுன்சில்ல அடக்கப் பதிவேடு இருக்கும், அதுல லேர் நம்பரக் குடுத்தா அதுக்குள்ள யாரு யாருன்னு சொல்லிடுவாங்க.

நம்பருக்கு எங்க போறதுன்னு கவுன்சிலுக்கு ரெண்டு மெயில் போட்டுக் காத்திருந்தப்ப மாமனார் ஒரு நாள் டப்பாவத் தொறந்து, அந்த நாலா மடிச்ச ரசீத விரிச்சு மூக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டு "இதுல லேர்னு போட்டிருக்கே"ன்னார். அத்தையே காசு கட்டி வாங்குன இடம். அப்பா அம்மா இருக்கற கல்லறைத்தோட்டம்கூட இல்ல, ஆர்ப்ரோத்ல, அக்கா பேருக்கும் தன் பேருக்கும் சேத்து. ஸோ கவுன்சிலுக்கு எழுதறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற ரசீதையெல்லாம் ஒரு தடவ விரிச்சுப் பாத்துடுங்க.